செல்லுபடியாகும் காலம்

கனடா ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த ஓர் அகதிக் குடும்பத்தின் மருத்துவப் பரிசோதனை பன்னிரண்டு மாதங்களுக்குச் செல்லும். அதற்குள் அவர்கள் விமானம் ஏறிவிட வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கும் ஒரு காலவரை இருக்கிறது. கையிலிருக்கும் ஐ.நா. அட்டைக்கும் முடிவுத் தேதி உண்டு. அவர்கள் ஒதுங்கியிருக்கும் நாடு தரவேண்டிய வெளியேறும் அனுமதியும் குறுகிய நாட்களுக்கே கிடைக்கிறது. இந்தத் தாள்கள் வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு வேகத்தில் நகர்பவை. இவை எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால்தான் பயணச்சீட்டு பதிவாகும். ஒன்று காலாவதியானால் அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்து முடிப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும்.

அகதி வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடலையும் குண்டையும் எழுதுகிறார்கள். அவற்றை எழுதத்தான் வேண்டும். ஆனால் நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு குடும்பத்தைக் கடலைவிட அதிகமாகத் தேய்த்தது இந்தத் தேதிகள்தாம். காத்திருக்கும் காலத்தில் மனிதர்கள் வளர்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், காதலிக்கிறார்கள், நோய்ப்படுகிறார்கள். கோப்பு இவற்றில் எதையும் எதிர்பார்ப்பதில்லை. விண்ணப்பித்த நாளில் எப்படி இருந்தார்களோ அப்படியே அசையாமல் இருக்கும் குடும்பத்தையே அது விரும்புகிறது.

நான் ரொறன்ரோவில் வசிக்கிறேன். 2018இல் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, மலேசியாவின் கோலாலம்பூரில் இருந்த, இலங்கையின் வடக்கே வன்னியைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு அனுசரணை வழங்க விண்ணப்பித்தோம். எங்கள் சனங்கள் இதை ‘ஸ்பொன்சர் பண்ணுவது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். குடும்பத்தாரை அழைப்பதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. இரத்த உறவே தேவையில்லை. கனடியக் குடிமக்களோ நிரந்தர வதிவாளர்களோ ஐந்து பேர் சேர்ந்து, வருகிறவர்களின் முதல் ஒரு வருடத்து வீடு, உணவு, உடை, வழிகாட்டல் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். 1979இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேர் கனடாவுக்கு வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைப் பொறுப்பேற்றவர்கள் தேவாலயச் சபைகளும் அக்கம்பக்கத்தார் சேர்ந்த சிறு குழுக்களும்தான். 1986இல், அகதிகளுக்கு உதவியவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் வழங்கும் நான்சன் விருது ‘கனடிய மக்கள்’ என்ற பெயரில் ஒரு நாட்டு மக்கள் முழுவதற்கும் கொடுக்கப்பட்டது. நான் இந்த நாட்டை நேசிப்பதற்கான காரணங்களில் இது முதன்மையானது.

நாங்கள் அழைத்தவர் என் அம்மாவின் ஊரைச் சேர்ந்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மனைவி, இரண்டு மகள்கள். 2009 மே மாதம்வரை முள்ளிவாய்க்காலில் இருந்தவர்கள். பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அங்கிருந்து வெளியே விடப்பட்ட பிறகும் விசாரணைக்கு வருமாறு ஆள் வந்துகொண்டே இருந்ததால், 2012இல் சுற்றுலா விசாவில் மலேசியாவுக்குப் போனார்கள். அங்கிருந்து படகில் ஆஸ்திரேலியா அனுப்புவதாக முகவர் ஒருவர் பணம் வாங்கியிருந்தார். படகு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 2013 ஜூலை 19 அன்று, விசா இல்லாமல் படகில் வரும் எவரும் இனி ஆஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. முகவரின் தொலைபேசி அதன்பின் வேலை செய்யவில்லை.

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அங்கே அகதி என்று சட்டத்தில் ஒரு பிரிவே கிடையாது. விசா முடிந்து தங்கியிருப்பவர், அவ்வளவுதான். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை கையில் இருந்தால் காவலர் சில வேளை விட்டுவிடுவார். வேலை செய்யும் உரிமை இல்லை. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. அகதிகளே வாடகை வீட்டு மாடிகளில் நடத்தும் கற்றல் நிலையங்களுக்குத்தான் போகலாம். அரசு மருத்துவமனையில் அட்டையைக் காட்டினால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. ஆனால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி என்பதும் கூலிக்குப் பாத்திரம் கழுவுகிறவருக்குப் பெருந்தொகைதான்.

அந்த அட்டையே சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. போர் முடிந்த மறுவருடம், 2010 ஜூலையில், ஐ.நா. அகதிகள் ஆணையம் இலங்கையர் தொடர்பான தன் வழிகாட்டு நெறிகளை மாற்றியது. வடக்கிலிருந்து வந்த தமிழர் என்பதாலேயே ஒருவரை அகதியாகக் கருதலாம் என்ற அனுமானம் இனித் தேவையில்லை, ஒவ்வொருவரும் தமக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தனித்தனியாக நிறுவவேண்டும் என்று ஆனது. சட்டப்படி அதில் தவறு சொல்ல முடியாது. அகதி என்பதன் வரையறையே எதிர்காலத்தை நோக்கியது: நாளை திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதே கேள்வி. ஆனால் அந்த நாளையை நிறுவ, நேற்று நடந்ததைத்தானே ஒருவர் சொல்ல முடியும்? நேற்றைச் சொல்வதற்கு ஆதாரம் எங்கே? பிறப்புச் சான்றிதழ்கள் பையோடு எரிந்துபோயின. திருமணப் பதிவு கிளிநொச்சியில் இருந்தது. மிஞ்சியிருந்த தாள், முகாமில் கொடுத்த குடும்ப அட்டை ஒன்றுதான். தங்களை அடைத்து வைத்தவர்கள் கொடுத்த அட்டையே, தாங்கள் அடைபட்டிருந்தோம் என்பதற்கு ஒரே சாட்சி.

தேதிகளில்தான் அவர் அதிகம் தடுமாறினார். இடம்பெயர்ந்த ஊர்களின் வரிசை அவருக்கு மனப்பாடம். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். எந்த ஊரில் எந்தத் தேதி என்றால் தெரியாது. பதுங்குகுழிக்குள் இருப்பவர் நாட்காட்டி பார்ப்பதில்லை. தம்பி செத்த நாளைக்கூட, அன்று அமாவாசை முடிந்து சில நாள் இருக்கும் என்றுதான் சொல்வார். ஆனால் நேர்காணல் செய்பவரின் படிவத்தில் நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. ஒருமுறை பிப்ரவரி என்று சொல்லி, வருடங்கள் கழித்து இன்னொருவரிடம் மார்ச் என்று சொன்னால், அது முரண்பாடு. முரண்பாடு நம்பகத்தன்மையைக் குறைக்கும். கொடும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் நினைவு வரிசையாக இருக்காது என்பதை உளவியல் அறிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல அதிகாரிகளுக்கு அது தெரியும். எந்த அதிகாரி அமையப்போகிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

வன்னித் தமிழருக்கு இன்னொரு கேள்வியும் காத்திருக்கிறது: இயக்கத்தில் இருந்தீர்களா? கனடா 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய அமைப்பின் உறுப்பினராக இருந்தவர் நாட்டுக்குள் வர முடியாது என்கிறது குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. உறுப்பினர் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. நீதிமன்றங்கள் அதை விரிவாகவே பொருள்கொண்டு வந்திருக்கின்றன. வன்னியில் இயக்கத்துக்குக் காவல்துறை இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வங்கி இருந்தது, வரி இருந்தது. அங்கே வாழ்ந்த ஒருவர் அவற்றைத் தொடாமல் வாழ்ந்திருக்க வழியில்லை. அண்ணா வரி கட்டினார். கூப்பிட்டபோது பதுங்குகுழி வெட்டப் போனார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் கோலாலம்பூரில் ஆலோசனை சொல்லித் திரிபவர்களின் கெடுதி தொடங்குகிறது. ‘இயக்கத்தையே கண்ணால் கண்டதில்லை என்று சொல்லுங்கள்’ என்று ஒருவர் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார். வன்னியில் பதினைந்து வருடம் வாழ்ந்தவர் இயக்கத்தைக் கண்டதில்லை என்று சொன்னால், அவருடைய மற்ற எல்லா உண்மைகளும் அந்த ஒரு பொய்யோடு சேர்ந்து மூழ்கும். அண்ணா அந்த ஆலோசனையைக் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னார். எத்தனை நாள் வெட்டினீர்கள், யார் கூப்பிட்டது, சீருடை கொடுத்தார்களா, ஆயுதம் தொட்டீர்களா, மறுத்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேள்விகள் நீண்டன. வெளியே வந்து எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: “தங்கச்சி, நாலாம் மாடியில் கேட்ட அதே கேள்விகள். அங்கே அடித்துக் கேட்டார்கள், இங்கே தண்ணீர் கொடுத்துக் கேட்டார்கள்.” நாலாம் மாடி என்று எங்கள் சனங்கள் சொல்வது கொழும்பில் காவல்துறை விசாரணைக்குக் கொண்டுபோகும் இடத்தை. கனடிய அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார் என்று அவரே சொன்னார். ஆனாலும் அதன்பின் பல இரவுகள் அவர் தூங்கவில்லை என்று அண்ணி சொன்னார்.

விண்ணப்பம் போன மறுவருடம் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். இந்தச் செய்தியை அண்ணி அழுதுகொண்டே சொன்னார். மகிழ்ச்சியில் அல்ல, பயத்தில். கோப்பில் நான்கு பேர் இருக்கிறார்கள், இப்போது ஐந்தாகிவிட்டது, இதனால் தள்ளிப்போகுமா என்பதே அவருடைய முதல் கேள்வி. தள்ளித்தான் போனது. பிறப்பைப் பதிவுசெய்ய வேண்டும், சான்றிதழில் குடிமகன் அல்லன் என்று எழுதி வரும், பிறகு ஐ.நா. பதிவில் சேர்க்க வேண்டும். பிறகு கனடியக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஒரு குழந்தை பிறந்ததற்கு ஒரு தாய் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசியதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவனைக் காட்டாமல் விட்டுவிடலாம், பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். இதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை. இதை வாசிக்கும் யாராவது அந்த நிலையில் இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள். கனடாவின் குடிவரவு விதிகளில் 117(9)(டி) என்று ஒரு விதி இருக்கிறது. நிரந்தர வதிவிடம் பெறும் நேரத்தில் அறிவிக்கப்படாத, பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினரைப் பின்னர் குடும்பப் பிரிவில் அழைக்க முடியாது என்கிறது அது. பயத்தாலோ, அறியாமையாலோ, முகவரின் பேச்சைக் கேட்டோ மனைவியை மறைத்தவர்கள், பிள்ளையை மறைத்தவர்கள் எங்கள் சமூகத்திலேயே இருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் மீள்குடியேற்றப்பட்ட அகதிகள் போன்ற சிலருக்கு ஒரு விலக்கு ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் பல குடும்பங்கள் உடைந்தே போயின. அறிவிக்கப்பட்ட உறுப்பினர் உடன் வர முடியாமல் பின்தங்கினால், வந்தவர் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்து அவரை அழைத்துக்கொள்ளலாம். மறைத்தால் அந்த வாய்ப்பும் இல்லை.

மூத்த மகளின் கதை வேறு. விண்ணப்பித்தபோது அவளுக்குப் பதினேழு வயது. சார்ந்திருக்கும் பிள்ளை என்றால் இருபத்திரண்டு வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும், திருமணமாகாதவராக இருக்க வேண்டும். வயது விண்ணப்பத்தோடு பூட்டப்பட்டுவிடும்; எத்தனை வருடம் இழுத்தாலும் கோப்புக்கு அவள் பதினேழுதான். திருமணத்துக்கு அப்படிப் பூட்டு கிடையாது. கனடாவில் கால்வைக்கும் நாள்வரை அவள் மணமாகாதவளாகவே இருக்க வேண்டும். கற்றல் நிலையத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த இடத்தில், அவளைப் போலவே இலங்கையிலிருந்து வந்து அட்டையோடு காத்திருந்த ஒரு பையனை அவள் விரும்பினாள். இரண்டு குடும்பத்துக்கும் சம்மதம். சாதாரண உலகத்தில் நாள் பார்த்திருப்பார்கள். இங்கே நாள் பார்த்தால் அவள் மட்டும் பின்தங்கிவிடுவாள். அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். அவளுடைய இருபதுகளின் தொடக்கம் இப்படித்தான் போனது.

2020 மார்ச் 17 அன்று, பெருந்தொற்றின் காரணமாக அகதிகளின் மீள்குடியேற்றப் பயணங்களை நிறுத்திவைப்பதாக ஐ.நா. அமைப்புகள் அறிவித்தன. மறுநாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. மே மாதத்தில், ஊரடங்குக்கு நடுவிலேயே, கோலாலம்பூரின் குடியிருப்புகளில் குடிவரவுச் சோதனைகள் நடந்தன. உணவகங்கள் மூடியிருந்ததால் அண்ணாவுக்குக் கூலி இல்லை. நாங்கள் பணம் அனுப்பினோம். ஜூன் நடுவில் பயணங்களுக்கான தடை நீங்கியதாகச் செய்தி வந்தபோது, இனி விரைவாக நடக்கும் என்று நம்பினோம். அலுவலகங்கள் திறந்தன, ஆனால் தேங்கியவை தேங்கியே கிடந்தன.

மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். அண்ணாவின் மார்பு எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. பழைய காசநோயின் தழும்பாக இருக்கலாம், முகாமில் அவருக்கு நீண்ட காலம் இருமல் இருந்தது. தழும்பா, நோயா என்று உறுதிசெய்யச் சளியை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வது. முடிவு வர எட்டு வாரம்வரை ஆகும். மீள்குடியேறும் அகதியின் நோய் கனடாவின் மருத்துவச் செலவுக்குச் சுமை என்று சொல்லி அவரை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை; இது நல்ல சட்டம். ஆனால் தொற்றும் நிலையில் காசநோய் இருந்தால் அது குணமாகும்வரை பயணம் செய்ய முடியாது. அந்த எட்டு வாரமும் மற்ற நால்வரின் மருத்துவ அறிக்கைகளும் நாளுக்கு நாள் பழையதாகிக்கொண்டிருந்தன. முடிவு, நோய் இல்லை என்று வந்தது. அதற்குள் வெளியேறும் அனுமதிக்கான நாள் தவறிவிட்டது. அதைப் புதுப்பித்து முடித்தபோது மருத்துவ அறிக்கையின் பன்னிரண்டு மாதமும் முடிந்துவிட்டது. எல்லோரும் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். வீட்டுப் பொருட்களை விற்றுவிட்டு வெறுந்தரையில் படுத்திருந்த காலம் அது.

இதையெல்லாம் ரொறன்ரோவில் ஒரு திருமண வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர், “வரிசையில் நின்று முறையாக வரட்டும், அதுதான் சரி” என்றார். அவர் எண்பதுகளில் எல்லையில் வந்திறங்கி அகதிக் கோரிக்கை வைத்தவர். எனக்குக் கோபம் வந்தது; இப்போதும் இருக்கிறது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்களே, அவர்கள் எந்த வரிசையில் நின்றார்கள்? கனடாவுக்குள் வந்து கோரிக்கை வைக்கும் ஒவ்வொருவரையும் நேரில் விசாரித்தே முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4 அன்று சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பலனை அனுபவித்தவர்கள் நாங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் அகதிக்கு அந்த அளவு பாதுகாப்புக்கூட இல்லை. விசா அதிகாரி மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறுஆய்வுக்கு அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான்.

மேலும், வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நிற்பவருக்குத் தன் முறை வரும். 2024 முடிவில் உலகில் 4 கோடியே 27 லட்சம் அகதிகள் இருந்தார்கள். 2025இல் மீள்குடியேற்றம் தேவைப்படுபவர்கள் மட்டும் 29 லட்சம் பேர் என ஐ.நா. அகதிகள் ஆணையம் மதிப்பிட்டது. எந்த ஓர் ஆண்டிலும் மூன்றாவது நாட்டில் இடம் கிடைப்பது உலக அகதிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே. இதை வரிசை என்று சொல்வது நியாயமில்லை.

2023இல் அவர்கள் வந்தார்கள். பியர்சன் விமான நிலையத்தில் அவர்கள் கையில் அகதிகளுக்குக் கொடுக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பை இருந்தது. ஒரு வழிப் பயண ஆவணமும் எக்ஸ்ரேயும் அதற்குள். இறங்கிய நாளிலேயே நிரந்தர வதிவிடம் கிடைத்துவிடும், அது இந்த வழியின் பெரிய நன்மை. விமானக் கட்டணமும் மருத்துவப் பரிசோதனைச் செலவும் கடன். 2018 முதல் அதற்கு வட்டி இல்லை; முதல் வருடம் கட்டவும் தேவையில்லை. அண்ணா இப்போது ஒரு பேக்கரியில் இரவு வேலை செய்து அதை மாதாமாதம் கட்டிவருகிறார். நான்கு வயதில் வந்திறங்கிய மகன் இன்று என்னோடு ஆங்கிலத்தில் சண்டை போடுகிறான். அண்ணி வகுப்புக்குப் போகிறார். இரண்டாவது மகள் தன் வயதுக்குரிய வகுப்பைவிடக் கீழே சேர்க்கப்பட்டு, அந்த அவமானத்தைப் படிப்பால் தீர்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு குடும்பத்துக்கும் இதே ஐந்து பேர் கையெழுத்திடத் தயாராக இருந்தோம். 2024 நவம்பர் 29 முதல் ஐவர் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பங்களைப் பெறுவதைக் கனடா நிறுத்திவைத்தது. தேங்கிக் கிடக்கும் கோப்புகளை முதலில் முடிக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஒரு கோப்பு எவ்வளவு காலம் கிடக்கும் என்று பார்த்தவள் நான். ஆனால் பொறுப்பேற்க மனிதர்கள் தயாராக இருக்கும்போது கதவைச் சாத்துவதற்குப் பதிலாக, கோப்பைப் பார்க்கும் கைகளைக் கூட்டியிருக்கலாம் என்பதே என் எண்ணம். மருத்துவ அறிக்கை, பாதுகாப்புச் சோதனை, வெளியேறும் அனுமதி ஆகிய மூன்றின் காலங்களையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்திருந்தால், அண்ணாவின் குடும்பம் வெறுந்தரையில் படுத்திருந்த மாதங்கள் இல்லாமலே போயிருக்கும். அதற்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

மூத்தவள் இன்னும் மணமாகாதவள்தான். அந்தப் பையன் கோலாலம்பூரிலேயே இருக்கிறான். கடவுச்சீட்டு இல்லாத அகதி ஒருவர் அங்கே திருமணத்தைச் சட்டப்படி பதிவுசெய்வது சுலபமில்லை. எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தாரோ அந்த நாட்டுத் தூதரகத்திடமே போய்த் தாள் கேட்க வேண்டியிருக்கும். சென்ற வாரம் அவள் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது, என்னென்ன ஆதாரம் திரட்டுவது என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் தனியாக ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு தாளும் எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் அவளே கேட்டு எழுதினாள்.